சோப்பு இழுக்காத மெஷினும் நான் சொன்ன காரணமும்

நான் வேலையிலிருந்து நின்ற பிறகு என் இடத்துக்கு வந்தவன் சரவணன். வண்டி கழுவும் பிரஷர் மெஷின்களை விற்று, பழுதும் பார்க்கிற விழுப்புரம் கம்பெனி ஒன்றில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் போனது. திண்டிவனம் வரைக்கும் என் ரூட். இப்போது அந்த ரூட்டில் அவன் போகிறான். சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்கிறான். பெரும்பாலும் ஒரே சந்தேகம்தான்.

“சார், தண்ணி நல்லா அடிக்குது. சோப்பு மட்டும் இழுக்க மாட்டேங்குது. எதைப் பார்க்கறது?”

போன மாதம் அவனே சொன்னான்: “இத எழுதிக் குடுத்துடுங்க சார். எங்க குரூப்புல எல்லாருக்கும் போட்டு விட்டுடறேன். சும்மா சும்மா உங்கள பேஜார் பண்ணிக்கினு இருக்க வேணாம் பாருங்க.”

சரி என்று உட்கார்ந்தேன். ஆனால் சோப்பு இழுக்காத மெஷின் என்று தலைப்பு எழுதியதும் ஒரே ஒரு மெஷின்தான் கண் முன்னால் வந்து நிற்கிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை எழுதிப் பார்த்தேன். எழுதியது எல்லாம் பொய் மாதிரி இருந்தது. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் என் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, என்னை விட்டுவிடலாம்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். படித்த படிப்புக்கும் கிடைத்த வேலைக்கும் நடுவில் இருந்த தூரத்தை முதல் வருடத்திலேயே கடந்துவிட்டேன். ஸ்பானர் பிடிக்க, கிரீஸ் வாசனையோடு சாப்பிட, வாடிக்கையாளர் திட்டும்போது தலையாட்ட எல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: எங்கள் சர்வீஸ் மேனேஜர் இருதயராஜ் சாரின் நிதானம்.

அவர் யாரையும் ஒருமையில் பேசமாட்டார். தண்ணீர் பிடித்துக் கொடுக்கிற ஆளைக்கூட ‘வாங்க, போங்க’ என்பார். மெஷினைத் தொடுவதற்கு முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டு, அதை இயக்குகிறவரிடம் பேசுவார். முதலாளியிடம் அல்ல, தண்ணீர் அடிக்கிற கன்னைக் கையில் பிடிக்கிறவரிடம். என்றைக்கு நின்றது, அதற்கு முதல் நாள் என்ன செய்தீர்கள், எதையாவது கழற்றி மாட்டினீர்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எங்களுக்குப் பொறுமை போய்விடும். சாயங்காலம் ஆபீசில் அவர் ‘என்ன செய்தீர்கள்’ என்று கேட்டதே இல்லை. “இன்னா தெரிஞ்சுது?” என்றுதான் கேட்பார். பதில் சொல்வது கஷ்டம்.

ஒரு முறை காணை கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டுக்கு அவரோடு போனேன். கரும்பு டிராக்டர் கழுவ மெஷின் வைத்திருந்தார். சோப்பு இழுக்கவில்லை. நான் சோப்புக் கேனுக்குள் போகும் உறிஞ்சு குழாயின் நுனியில் இருந்த ஃபில்டரைக் கழுவினேன், கன்னின் முனையில் இருந்த நாசிலையும் மாற்றினேன். நுரை கொட்டியது. “ஃபில்டர் அடைப்புங்க” என்றேன் பெருமையாக.

அந்த விவசாயி உடனே வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். “கேட்டியா? ஃபில்டர் அடைப்பாம். கழுவி வைய்யின்னு தெனம் கத்தறேனே, காதுல ஏறுதா ஒனக்கு?”

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து நின்றார். கையில் முறம்.

இருதயராஜ் சார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “அந்தப் பழைய ஃபில்டர் குப்பையோட இருந்துச்சே, அதே மாதிரி திரும்பப் போடுங்க.”

கழுவியதில் சேற்றைத் தடவி மறுபடியும் மாட்டினேன். நுரை கொஞ்சம் குறைந்தது, ஆனால் வந்தது. “இப்ப பழைய நாசிலைப் போடுங்க.” போட்டேன். நுரை நின்றது. காரணம் நாசில்தான். சோப்புக்கு வாயகன்ற நாசில் போட வேண்டும். அந்த விவசாயியே வேகத்துக்கு ஆசைப்பட்டு ஊசி மாதிரி அடிக்கிற நாசிலை மாட்டியிருந்தார்.

“யாரு மாத்துனது?” என்று சார் அவரிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார். அந்த அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போகும்போது, “நாசிலுக்கும் நாந்தான் காரணம்னு சொல்லிடேன், கேட்டுக்கறேன்” என்று ஒரு வார்த்தை விட்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் சார் சொன்னார்: “நாம வண்டியேறிப் போயிடறோம். நாம சொல்லிட்டு வந்த காரணத்தோட அந்தம்மா அங்க இருக்கணும். சரி பண்ணிட்டா போதாதுங்க. கோளாறைத் திரும்ப வச்சிப் பாருங்க. திரும்ப வந்துச்சுன்னா மட்டும் வாயைத் தொறங்க.”

இதைத்தான் சரவணனுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் எளிது. தண்ணீர் போகிற குழாயில் ஓர் இடத்தை வேண்டுமென்றே குறுக்கி வைத்திருப்பார்கள். அதற்கு இன்ஜெக்டர் என்று பெயர். அந்தக் குறுகலில் தண்ணீர் வேகமெடுத்து ஓடும்போது பக்கத்துத் துளையில் ஓர் உறிஞ்சல் உண்டாகும். அந்த உறிஞ்சல்தான் கேனில் இருக்கும் சோப்பை மேலே இழுக்கிறது. எனவே முதலில் முன்னால் இருக்கும் நாசிலைப் பாருங்கள். பிறகு உறிஞ்சு குழாயைக் கழற்றி, அந்தத் துளையில் விரலை வைத்துப் பாருங்கள். விரல் இழுபட்டால் இன்ஜெக்டர் நல்லது, கோளாறு கேன் பக்கம். இழுபடாவிட்டால் உள்ளே ஒரு சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். காய்ந்த சோப்பில் குண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், வெந்நீரில் ஊறவைத்து எடுங்கள். உறிஞ்சு குழாயில் கீறல் இருந்தால் சோப்புக்குப் பதில் காற்றைக் குடிக்கும். கெட்டியான சோப்பு மேலே ஏறாது, அதனால் ஒரு மக் வெறும் தண்ணீரில் குழாயை விட்டுப் பாருங்கள். கன்னுக்குப் போகிற ஹோஸ் மிக நீளமாக இருந்தாலும் உறிஞ்சல் செத்துப்போகும். எந்தக் காரணத்தைக் கொண்டும் நாசில் பக்கம் விரலை வைத்துப் பார்க்காதீர்கள். அது விரலுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும்.

இவ்வளவுதான். இதெல்லாம் தெரிந்த ஒருவன் என்ன செய்தான் என்பதுதான் மீதிக் கதை.

கம்பெனியில் பழுது பார்ப்பதைக் குறைத்துவிட்டு, கெட்ட பாகத்தைத் தூக்கிப் போட்டு முழுசாகப் புதிது மாட்டும் வழக்கம் வந்தபோது, எங்களில் வயதானவர்களுக்குக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அதே வருடம் என் மகள் சுகன்யாவுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம் ஆனது. எங்களுக்கு ஒரே பெண். மாப்பிள்ளை சென்னைக்கு லோடு வண்டி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான். சம்பந்தி மரக்காணம் ரோட்டில் வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறார். கடலோரக் குப்பங்களிலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிகள்தான் முக்கியமான வாடிக்கை. மீன் வண்டிக்குத் தண்ணீர் மட்டும் போதாது. சோப்பு நுரை ஏறி ஊறினால்தான் வாடை போகும்.

அவர்கள் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சீரோடு சீராக ஒரு பிரஷர் மெஷினும் தருகிறேன் என்றேன். கம்பெனியில் கழித்துப் போட்ட ஒன்றை எடுத்து, மோட்டாரிலிருந்து சக்கரம் வரைக்கும் நானே புதிதாக்கினேன். சோப்புக்கு நல்ல கனமான பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தூசி போகாமல், சிந்தாமல் இருக்க மூடிக்கு ரப்பர் வளையம் போட்டு இறுக்கமாகச் செய்தேன். மண்டபத்தில் வெள்ளிப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் நீலப் பெயின்ட் அடித்து அது நின்றபோது எனக்கிருந்த பெருமையைச் சொல்ல இப்போது கூசுகிறது.

ஆயுத பூஜைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். புது மருமகள் கையால் பூஜை என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். சுகன்யா சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக மெஷின் முன்னால் உட்கார்ந்து, மோட்டாருக்கு, பம்புக்கு, கன்னுக்கு, சக்கரத்துக்கு, கேனுக்கு என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தாள்.

அங்கே வெகுகாலமாக வேலை பார்க்கிற ஏழுமலை பக்கத்தில் நின்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாத மனிதர். “பாப்பா, எனக்கும் ஒண்ணு வச்சி வுடு. இந்தக் கடையில ரொம்ப நாளா ஓடற பழைய மெஷினு நாந்தான்.”

“உனுக்கு சந்தனம் பத்தாதுடா ஏழுமல. சுண்ணாம்புதான் அடிக்கணும்” என்றார் சம்பந்தி. எல்லோரும் சிரித்தோம்.

பூஜை முடிந்து மெஷினுக்கு ஓய்வு. மறுபடி கடை திறந்த அன்றைக்கு மத்தியானம் சுகன்யாவிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அப்பா, மெஷினு சோப்பு இழுக்கலப்பா. மீன் வண்டிங்க நிக்குது. மாமா ஒண்ணும் சொல்லல. ஆனா மொகம் சரியில்ல.”

என் மனைவி பக்கத்திலிருந்து கேட்டுவிட்டாள். “பூஜை போட்ட மறுநாளேவா?” என்று கேட்டவள், அப்படியே சோற்றுத் தட்டை மூடி வைத்துவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து மகளின் போன் வந்தாலே எங்கள் இரண்டு பேருக்கும் அப்படித்தான். அவள் சிரித்துப் பேசினால்கூட, பக்கத்தில் யாராவது இருப்பதால் சிரிக்கிறாளோ என்று யோசிப்போம்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். ஏழுமலையிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் செய்த மெஷின், எனக்குத் தெரியாதா? நாசிலைப் பார்த்தேன். சரியானதுதான். விரலை வைத்தேன், இழுத்தது. இருந்தாலும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், ஃபில்டரைக் கழுவினேன். குழாயை மக் தண்ணீரில் விட்டால் மடமடவென்று இழுத்தது. கேனைத் திறந்து குழாயை உள்ளே விட்டு மூடினேன். நுரை வந்தது. “அவ்ளோதான் சம்பந்தி” என்று கை கழுவிக்கொண்டு வந்தேன். விழுப்புரத்தில் இறங்குவதற்குள் போன் வந்துவிட்டது. மறுபடி நின்றுவிட்டது.

இரண்டாம் முறை குண்டு, ஸ்பிரிங், உறிஞ்சு குழாய் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிக்கொண்டு போனேன். அன்றைக்கும் அதே கதை. நான் இருக்கும்வரை இழுக்கும், போன பிறகு நின்றுவிடும்.

சம்பந்தி கோபப்படவில்லை. “பழைய பம்புன்னா அப்படித்தான் சம்பந்தி. நமக்கே முட்டி புடிச்சிக்குது” என்றார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் முறை போனபோது மரக்காணத்து மீன் வண்டி டிரைவர் ஒருவர் காத்திருந்தார். நான் மெஷின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். சுகன்யா எனக்கு டீ கொண்டுவந்தாள். அவளைப் பார்த்துவிட்டு அந்த டிரைவர் சம்பந்தியிடம், “புது மருமவ கையால பூஜ போட்டீங்களாமே? அதான் மெஷினு விரதம் இருக்குது போல” என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஏழுமலைகூடச் சிரித்துவிட்டார். சம்பந்தி சிரிக்கவில்லை. சுகன்யா டீயைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் நடையைப் பார்த்தேன். அந்த நடையை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிப்போய்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அன்றைக்கு அப்படித்தான் நடந்தாள்.

ராசியில்லாத பெண் என்று ஒருமுறை பேர் விழுந்தால் அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அவள் தலையில்தான் வரும். எனக்கு அது மட்டும்தான் ஓடியது. மெஷினை ஓட்டினேன். கொஞ்ச நேரம் நுரை வந்தது, பிறகு நின்றது. சோப்பு குறைந்திருக்கிறதோ என்று பார்க்க மூடியைத் திருகினேன்.

‘புஸ்’ என்று காற்று உள்ளே போனது. ஒட்டி உள்ளே போயிருந்த கேனின் விலா, ‘டப்’ என்று வெளியே வந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சோப்பு வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகத்தான் மூடியில் சின்னதாக ஒரு துளை போட்டிருந்தேன். என் கையால் போட்ட துளை. மூடியின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். அந்தத் துளையின் மேல், ஊசி குத்தக்கூட இடமில்லாமல், காய்ந்து இறுகிப்போன சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும். மூடிக்கு நெற்றி மாதிரி அந்த இடம்தான் நடுவில் இருக்கிறது. யார் வைத்தாலும் அங்கேதான் பொட்டு வைப்பார்கள். நான் வந்து மூடியைத் திறக்கும்போதெல்லாம் காற்று போயிருக்கிறது, அதனால் கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது.

சுற்றிப் பார்த்தேன். ஏழுமலை மீன் வண்டியின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தி டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். நகத்தால் பொட்டைச் சுரண்டினேன். பையிலிருந்த கம்பியைத் துளையில் விட்டு எடுத்தேன். மூடினேன். கன்னை அழுத்தினேன். நுரை வந்தது, வந்துகொண்டே இருந்தது. வண்டியின் பக்கமெல்லாம் வெள்ளையாக ஏறி நின்றது.

“அட, வந்துச்சே!” என்று எல்லோரும் கூடினார்கள். சத்தம் கேட்டு சுகன்யாவும் வாசலுக்கு வந்தாள். அவள் மாமியாரும் வந்தார்.

“இன்னா சம்பந்தி கோளாறு?”

துளையில் கட்டை விரலை வைத்து மூடிக் காட்டியிருக்கலாம். நுரை நிற்கும், எடுத்தால் வரும். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். ஆனால் சுகன்யா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். விரதம் இருக்கும் மெஷின் என்று சொன்ன ஆளும் பக்கத்திலேயே நின்றார். பொட்டு என்று நான் சொன்னால், அவர் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். அது சாயங்காலத்துக்குள் மரக்காணம் வரைக்கும் போய்விடும்.

“ஷாம்புவக் கெட்டியா கலந்துருக்காங்க. உள்ள போயி காஞ்சி அடச்சிக்கினு இருந்துச்சு” என்றேன்.

யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்தக் கடையில் வண்டி கழுவும் ஷாம்புவைக் கலந்து கேனில் ஊற்றுகிறவர் ஒருவர்தான்.

“ஏழுமல!” என்று சம்பந்தி திரும்பினார். “எத்தினி வாட்டி மனுசன் விழுப்புரத்துலேருந்து பஸ்ஸு ஏறி வர்றாரு, உன்னால? இன்னாத்தடா கலக்கிக்கினு கீற இத்தினி வருசமா?”

“எப்பவும் ஊத்தற அளவுதானே மொதலாளி.”

“எப்பவும் ஊத்தற அளவு! அவரு பொய்யா சொல்றாரு?”

ஏழுமலை என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்: “அப்டிங்களா சார்?”

தலையாட்டினேன்.

“இனிமே ஷாம்பு பக்கம் நீ போவாத. டயரு மட்டும் கழுவு, போதும்” என்றார் சம்பந்தி. மீன் வண்டி டிரைவர், “ஏழுமலைக்கு டிமோஷன்” என்று சிரித்தார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற ஏழுமலை வண்டியை முழுக்கத் துடைத்து முடித்தார். ஈரத் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். டீ குடிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அன்றைக்கு எனக்கு அங்கே கோழிக் குழம்பு. சம்பந்தி தன் கையால் பரிமாறினார். “ஆளு வேலைக்காரனா இருந்தா மெஷினு பழசு புதுசு எல்லாம் ஒண்ணுதான்” என்று என்னைப் புகழ்ந்தார். நான் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை சோறும் வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போது அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

மறுநாள் காலையில் சுகன்யா கூப்பிட்டாள்.

“அப்பா, மெஷினு மேல நான் வச்ச பொட்டெல்லாம் அப்படியே கீது. கேன் மூடியில மட்டும் காணோம்.”

“துடைக்கறப்ப போயிருக்கும்மா.”

“துடைச்சா மஞ்சளா தீத்தின மாதிரி இருக்கும்ப்பா. இது நகத்தால சொரண்டின மாதிரி கீது. அதுக்கு அடியில ஒரு ஓட்டை இருக்குது.”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“அதுதானாப்பா?”

“ஆமாம்மா.”

பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, “எனக்காகவா சொன்னீங்க?” என்றாள். “நான் கேட்டேனா உங்கள? ஏழுமலண்ணன் பொண்டாட்டி நேத்து சாயங்காலம் வந்து, அவருக்கு ஒடம்பு சரியில்ல, வரமாட்டாருன்னு சொல்லிட்டுப் போனாங்க. அவங்க மொகத்த நான் எப்படிப்பா பாக்கறது?”

“நீ ஒண்ணும் சொல்லிக்காதம்மா. அப்பா பாத்துக்கறேன்.”

“நீங்க பாத்துக்கினதுதான் இது” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டாள். சாயங்காலம் சம்பந்தி எனக்குப் போன் செய்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சம்பந்தி நீங்க! பொட்டுன்னு சொன்னா இன்னா, தலைய வாங்கிடுவமா? எங்க வூட்டம்மா கல்யாணமான வருசம் கல்லாப்பெட்டி பூட்டுல சந்தனத்த அப்பி வச்சி, பூட்ட ஒடச்சித்தான் தொறந்தோம். இன்னைக்கும் சொல்லிச் சொல்லி சிரிக்கறோம்.” பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்டது: “அத ஏன் இப்ப ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கறீங்க?” சம்பந்தியம்மாவும் சிரித்தார்.

பிறகு சம்பந்தியின் குரல் மாறியது. “ஆனா நான் ஏழுமலைய அப்படிப் பேசியிருக்கக் கூடாது. போன் போட்டா எடுக்கல. ஆள் அனுப்பினா வரமாட்டேன்றான்.”

அந்த வீட்டைப் பற்றி நான் என்னவெல்லாமோ நினைத்து வைத்திருந்தேன். அந்த மனிதர்களுக்கும், அவர்கள் நடுவில் வாழப் போன என் மகளுக்கும் நான் ஒரு பொழுதாவது மதிப்புக் கொடுத்திருந்தால், விரலை வைத்துக் காட்டியிருப்பேன். அவர்கள் சிரித்திருப்பார்கள். அவ்வளவோடு முடிந்திருக்கும்.

ஏழுமலையைத் தேடிப் போனேன். பெருமுக்கல் போகிற வழியில் புதிதாகத் திறந்த ஒரு வாட்டர் சர்வீசில் சேர்ந்திருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “தண்ணி குடிக்கறீங்களா சார்?” என்று கேட்டார்.

போனபோது ஏழுமலை ஒரு வெள்ளைக் காருக்கு நுரை அடித்துக்கொண்டிருந்தார். அடித்த நுரை கதவில் நிற்கவில்லை. தண்ணீர் மாதிரி வழிந்து கீழே ஓடியது. அந்தக் கடை முதலாளி, இளவயது ஆள், பின்னால் நின்று, “இன்னாண்ணே இது, அழுவற புள்ள மூக்கு மாதிரி ஒழுகுது? ஜல்தியா பாரு, அடுத்த வண்டி நிக்குது” என்றார்.

என்னைப் பார்த்ததும் ஏழுமலை கன்னைக் கீழே வைத்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தார். “வாங்க சார். பாப்பா நல்லா கீதா?”

நடந்ததைச் சொன்னேன். துளை, பொட்டு, நகம் எல்லாம் சொன்னேன். “உன் கலவையில ஒரு தப்பும் இல்லப்பா. நான்தான் பொய் சொன்னேன்” என்றேன்.

அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

“பெரிய மனசு சார் உங்களுக்கு. என்னத் திரும்பக் கூப்ட்டுக்கறதுக்காகப் பெத்த பொண்ணு மேல பழியப் போடறீங்க. வேணாம் சார். அது சின்னப் புள்ள. வாழ வந்த எடம்.”

“இல்ல ஏழுமல, நெஜமாத்தான் சொல்றேன்.”

“உடுங்க சார். நீங்க மெஷினு செஞ்சவரு. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் நீங்க சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. இத்தினி வருசமா கண்ணளவுல ஊத்திக்கினு இருந்துட்டேன், யாரும் தப்புன்னு சொல்லல, நானும் கத்துக்கல. எத்தினி மெஷினு என்னால கெட்டுச்சோ. இப்பல்லாம் பாதிதான் ஊத்தறேன்.”

“அதனாலதான் நுரை நிக்கல.”

“நுரை நிக்கலன்னா பரவால்ல சார். மெஷினு நின்னா பாவம், வாங்கினவன்.”

என்ன சொல்லியும் அவர் நம்பவில்லை. அன்றைக்கு ஒரே வார்த்தை சொன்னேன், ஒரு தலையசைப்பு, உடனே நம்பினார். இன்றைக்கு அரை மணி நேரம் நின்று உண்மையைச் சொல்கிறேன், அதை என் நல்ல குணம் என்கிறார். சம்பந்தியை அழைத்துவருகிறேன் என்றேன், சுகன்யாவையே பேசச் சொல்கிறேன் என்றேன். “பாப்பாவ இதுல இழுக்காதீங்க சார்” என்று கும்பிட்டார்.

கடை முதலாளி மறுபடியும் குரல் கொடுத்தார். ஏழுமலை போய்க் கேனைத் திறந்தார். நானும் போனேன். ஷாம்பு டப்பாவை எடுத்தவர், ஊற்றாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீங்களே வந்துட்டீங்க. பாத்து சொல்லிடுங்க சார். எவ்ளோ ஊத்தட்டும்?”

“நீ எப்பவும் ஊத்தற அளவு ஊத்து.”

அவர் ஒரு சொட்டு போல ஊற்றினார். நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். “இன்னும்” என்றேன். இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார்.